படுத்துக் காட்டச் சொன்னீர்களா?

போன மாதம் ஸ்நேகா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். மும்பை செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சில் குறையில்லை, தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் கூட்டிக் கூட்டி வாசிப்பாள்.

“சார், ஒரு சின்ன டவுட். நம்ம ஃபாரத்துல பதினாலாவது கேள்வி இருக்குல்ல, அதை எடுத்துடலாமா? இப்ப மெஷின் எல்லாம் கூரியர்ல போகுது. யாரும் பேஷண்ட் வீட்டுக்குப் போறதில்ல. புது ஆப்ல அந்தக் கேள்விக்கு இடமே இல்லைங்கிறாங்க.”

“எடுக்கக் கூடாது,” என்றேன்.

“ஏன் சார்?”

“போன்ல சொல்லுத விஷயம் இல்ல. எழுதி அனுப்புதேன்.”

“தமிழ்லயா?” என்றாள். குரலில் பயம் தெரிந்தது.

“ஆமா. எழுத்துக் கூட்டிப் படி. ஒண்ணும் கெட்டுப் போகாது.”

அப்படித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்வரை அந்தக் கேள்வியில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் வாக்கும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஃபாரத்தில் மொத்தம் பதினாறு கேள்விகள். பதினைந்து நோயாளியிடம் கேட்பவை. எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருமா என்று போகும். பதினான்காவது மட்டும் மெஷின் கொண்டு போகிற ஆளைக் கேட்பது: “படுத்துக் காட்டச் சொன்னீர்களா?” ஹிந்தியிலும் தமிழிலும் நான் எழுதிச் சேர்த்தது. என் முப்பத்தைந்து வருஷ வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது மாட்டுங்கா லேபர் கேம்பில். பத்தாவது முடித்ததும் மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. பிறகு இ.சி.ஜி. எடுக்கக் கற்றுக்கொண்டு, அதற்கான படிப்பை மாலை வகுப்பில் முடித்தேன். தூக்கப் பரிசோதனைப் பிரிவு ஆரம்பித்தபோது டாக்டர் ஆப்தே மேடம் என்னை அங்கே இழுத்துக்கொண்டார். “உனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் கவனம் இருக்கிறது. பொறுமையை நான் கற்றுத் தருகிறேன்” என்றார். கவனம் இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் பல வருஷம் நம்பினேன்.

ஆப்தே மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய கண்டிப்பு வேறு மாதிரி. ஒரு நோயாளியின் இரவு முழுவதும் கம்ப்யூட்டரில் கோடு கோடாக ஓடும். மூக்குக் காற்றுக்கு ஒரு கோடு, நெஞ்சு ஏறி இறங்குவதற்கு ஒன்று, ரத்தத்தில் ஆக்ஸிஜனுக்கு ஒன்று, நாடிக்கு ஒன்று, உடம்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதற்கு ஒன்று. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்று கம்ப்யூட்டரே கூட்டிக் கழித்து ஒரு எண்ணைத் தந்துவிடும். மேடம் அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, “படோ, தேவா” என்பார், வாசி என்று. தேவசகாயம் என்ற என் பெயர் அவர் வாயில் தேவாதான். நான் பள்ளிக்கூடப் பையனைப் போல ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இங்கே காற்று நின்றது, இங்கே நெஞ்சு மட்டும் போராடுகிறது, இங்கே ஆக்ஸிஜன் இறங்குகிறது, இங்கே திமிறி மூச்சு விடுகிறார். எல்லாம் வாசித்த பிறகுதான் கையை எடுப்பார்.

எடை குறைக்கும் அறுவை சிகிச்சை எங்கள் மருத்துவமனையில் தொடங்கியபோது எங்களுக்கு வேலை குவிந்தது. பருத்த உடம்பில் தொண்டைச் சதை தூக்கத்தில் தளர்ந்து, மூச்சுப் பாதையை அடைத்துவிடும். தூங்குபவருக்கே அது தெரியாது. மயக்க மருந்து கொடுத்து, வலி மருந்தும் கொடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தால் அந்த அடைப்பு பல மடங்காகும். முன்பே தெரிந்தால் மூச்சுக்காற்றை அழுத்தித் தரும் முகமூடி மெஷினைச் சில வாரம் போட்டுப் பழக்கி, தொண்டையைத் திறந்து வைத்து, பாதுகாப்பாக அறுவை செய்யலாம். தெரியாமல் போனால் அறுவை நன்றாக முடிந்தும் ஆள் வார்டில் மூச்சு நின்று போகலாம். அதனால் எங்கள் ரிப்போர்ட் இல்லாமல் தேதி கிடையாது. எங்களிடமோ இரண்டே கட்டில். வரிசை நீண்டது. வீட்டுக்கே மெஷின் கொண்டு போய்ப் பரிசோதிக்கலாம் என்று மேடம் முடிவு செய்தார். கொண்டு போகிற ஆள் நான்.

மாலை ஆறு மணிக்குப் போவேன். சோப்பு டப்பா அளவு பெட்டி; அதை நெஞ்சில் பெல்ட்டால் கட்ட வேண்டும். மூக்கில் மெல்லிய குழாய். விரலில் கிளிப். பெட்டியில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது கழுத்தைப் பார்த்து நிற்க வேண்டும். காலையில் போய்க் கழற்றி வாங்கி வருவேன். தாராவியில் இதைச் செய்வதற்கு மெஷினோடு வந்த புத்தகம் போதாது. விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும். வீட்டில் யார் எழுந்தாலும் எழாவிட்டாலும் அம்மாக்காரி எழுந்தாக வேண்டும். அதனால் “தண்ணீர் எத்தனை மணிக்கு?” என்று ஒரு கேள்வியை முதலிலேயே நான் சேர்த்துவிட்டேன். கிளிப் மாட்டிய விரலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் காட்டுவேன். மேடம் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண் நோயாளி என்றால் இன்னொரு சங்கடம். நெஞ்சில் பெல்ட் கட்டுகிற வேலை, நானோ ஆண். கதவுக்கு வெளியே கல்லியில், அந்தக் குறுகிய சந்தில் நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ குரலிலேயே சொல்லுவேன். “அம்பு மேல பாக்கட்டும். பெல்ட் ரொம்ப இறுக்க வேண்டாம். முடிஞ்சுதா?” “முடிஞ்சுது.” அவ்வளவுதான். உள்ளே நான் எட்டிப் பார்த்ததில்லை. அது மரியாதை என்று நினைத்தேன். மரியாதைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது.

பொன்னுத்தாய்க்கு அப்போது நாற்பத்தாறு வயது. தாராவியில் ஒற்றை அறை வீடு. கணவர் சுடலைமுத்து குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மகள் கவிதா பன்னிரண்டாவது. கீழே ஒரு மகன். பொன்னுத்தாய் வீட்டிலேயே தோல் பர்ஸுக்கு உள்துணி தைத்துக் கொடுப்பவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு முழங்காலும் போயிற்று. தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கவே ஆள் கை கொடுக்க வேண்டும். ஒரு தர்ம ஸ்தாபனம் அறுவைக்கு உதவ ஒப்புக்கொண்டு, தேதி வியாழக்கிழமை என்று கிடைத்திருந்தது. அந்தத் தேதிக்கு அவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்திருந்தார்கள்.

ஞாயிறு மாலை போனேன். வாசலில் நின்றே ஃபாரத்தை நிரப்பினேன்.

“குறட்டை உண்டா அம்மா?”

“முன்னால உண்டு அண்ணே. இப்ப கெடையாது.”

“நிஜமாவா?”

“எங்க அம்மா குறட்டை விட்டு நான் கேட்டதே இல்ல அங்கிள்,” என்றாள் கவிதா. உண்மையைத்தான் சொன்னாள்.

பகலில் தூக்கம் வருமா என்று கேட்டேன். “வேல செஞ்சா யாருக்குத்தான் தூக்கம் வராது?” என்றார் பொன்னுத்தாய். எனக்கும் நியாயமாகப் பட்டது. கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்று சொன்னேன், கவிதா கட்டினாள். “அம்பு மேல பாக்குதா?” “பாக்குது அங்கிள்.” கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை பெட்டியை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். எண் மிகக் குறைவு. லேசான அளவுகூட இல்லை என்று சொல்லலாம். ஒரு கோடு மட்டும் இடறியது. உடம்பின் கிடையைக் காட்டும் கோடு இரவு முழுக்க “நேராக நிமிர்ந்து” என்றே போனது. அதாவது உட்கார்ந்திருக்கிறார்.

யார் இரவெல்லாம் உட்கார்ந்து தூங்குவார்கள்? பெட்டி குறுக்கே திரும்பியிருந்தால், ஒருக்களித்துப் படுத்திருப்பவரையும் அது உட்கார்ந்திருப்பதாகவே காட்டும். அது எனக்குத் தெரியும். சின்னப் பெண், பரீட்சை அவசரத்தில் கோணலாகக் கட்டியிருப்பாள் என்று முடிவு கட்டினேன். அந்தக் கோட்டின் மேல் “சென்சார் பிழை” என்று குறியிட்டு, கணக்கிலிருந்து நீக்கினேன். மேடம் அன்று ஒரு கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “படோ” என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. “எல்லாம் சரியா, தேவா?” என்றார். “சரி மேடம்” என்றேன். கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட் அறுவைப் பிரிவுக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மெஷினைத் துடைத்து வைக்கும்போதுதான் விரல் கிளிப்போடு வரும் சின்ன ரப்பர் உறையைக் காணவில்லை. அங்கேதான் விழுந்திருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தாராவிக்குப் போனேன். கணவர் பட்டறையில், பிள்ளைகள் வெளியே. கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டு ஜுலைகா அக்கா உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர்; அவர் வீட்டு வாசலும் இந்த வீட்டு வாசலும் நேருக்கு நேர். மூன்றாவது ஆள் இருந்ததால் முதல் தடவையாக அந்த அறைக்குள் போனேன்.

தையல் மெஷின், அடுப்பு மேடை, இரும்பு பீரோ, மேலே மாளா என்று அங்கே சொல்லும் மரப்பரண். மிச்சம் இருந்த தரை இரண்டு பாய் விரிக்கும் அளவு. பீரோவை ஒட்டிய சுவரில், என் இடுப்புக்குக் கீழே, ஒரு கறை. தட்டு அளவு வட்டம். கறுத்து, பளபளத்து, பெயிண்ட் தேய்ந்து சிமெண்ட் தெரிந்தது. எண்ணெய்க் கறை.

எதற்காகக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. ரப்பர் உறை கையில் கிடைத்துவிட்டது, நான் போயிருக்கலாம்.

“அம்மா, மெஷின் கட்டின ராத்திரி எங்க படுத்தீங்க? ஒரு தடவ படுத்துக் காட்டுங்க.”

பொன்னுத்தாய் தையல் மெஷினைப் பிடித்து எழுந்தார். சுவரோரம் போனார். மெள்ள இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தார். தலை அந்தக் கறைக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது.

“இப்பிடித்தான் அண்ணே.”

நானும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“தினமுமா?”

“பதினோரு வருசமா. சின்னவன் பொறந்தப்ப உடம்பு வெச்சுது. படுத்தா மூச்சு முட்டும், ரயிலு மாதிரி சத்தம் வரும். இந்த ரூம்ல நான் குறட்ட விட்டா யாரு தூங்குவா? அவுக காலையில பட்டறைக்குப் போவணும். பிள்ளைக படிக்கணும். உக்காந்தா சத்தம் இல்ல. எடமும் மிச்சம்.” சிரித்துக்கொண்டே சொன்னார், ஏதோ சமையல் குறிப்பு சொல்வது போல.

“இத ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே அண்ணே. எத்தன மணிக்குத் தூங்குவன்னுதான கேட்டிய.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்துவிட்டேன். அதுவும் அந்த அம்மா மறைக்கவில்லை, மெஷினும் மறைக்கவில்லை. இரண்டும் உண்மையைச் சொல்லின. கோணலாகக் கட்டியதாக நான் பழி போட்ட கவிதா பெட்டியை நூல் பிடித்தது போல நேராகக் கட்டியிருந்தாள். வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்து இவரை மல்லாக்கப் படுக்க வைக்கப் போகிறார்கள். பதினோரு வருஷமாக இவர் உடம்பு தவிர்த்து வந்த ஒரே ஒரு கிடை அது.

கல்லியிலேயே நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். “சென்சார் பிழை” என்று குறியிட்டதையும் சொன்னேன்.

“ஆக, உண்மை பேசிய ஒரே கோட்டை நீ அடித்துவிட்டாய்,” என்றார் ஹிந்தியில். “நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தவறு. உன் தவறை அப்புறம் பேசுவோம்.”

பத்து நிமிஷத்தில் திரும்ப அழைத்தார். அறுவைப் பிரிவில் பேசியிருக்கிறார். உட்கார்ந்து தூங்கினார் என்பதற்காகவே தேதியைத் தள்ள முடியாது, தள்ளினால் ஸ்தாபனத்தின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், படுத்தாலும் இதே எண் வராது என்று என்ன நிச்சயம், நாளைக்குள் ஏதாவது காட்டுங்கள் என்று கேட்டார்களாம். “இன்று இரவே வார்டில் சேர்த்து எடுத்துவிடலாம். கேட்டுப் பார்,” என்றார்.

கேட்டேன். பொன்னுத்தாய் வெடித்தார்.

“ஆசுபத்திரியில கூப்பிட்டு வெச்சு தேதிய தள்ளிருவிய. எனக்குத் தெரியாதா? ஒரு வருசம் அலைஞ்சிருக்கேன் அண்ணே! நல்லா இருக்குன்னு நேத்து நீங்கதான எழுதிக் குடுத்திய? இன்னைக்கு வந்து இல்லங்கிய. நான் வரமாட்டேன்.”

நியாயமான கோபம். ஆனால் நகர மனம் இல்லை. அந்த வாசலை விட்டுப் போனால் வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“அம்மா, ஆசுபத்திரிக்கு வர வேண்டாம். ராத்திரியும் வேண்டாம். நாளைக்குக் காலையில எல்லாரும் போன பெறகு, இதே தரையில, ரெண்டு மணி நேரம் படுங்க. மல்லாக்க. அவ்வளவுதான். மெஷின் நல்லதாச் சொன்னா வியாழக்கிழம நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன்.”

“கெட்டதாச் சொன்னா?”

“தேதி தள்ளிப் போகும். ரத்தாகாது. அதுக்கு நான் பொறுப்பு.” அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் சொன்னேன், சொன்னதைச் செய்தே தீர்வது என்றும் அந்தப் படியிலேயே முடிவு செய்தேன்.

அவர் ஜுலைகா அக்காவைப் பார்த்தார். அக்கா வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “படுத்துத்தான் பாரேன் பொன்னு. இந்த மனுசன் படிய விட்டு எந்திரிக்க மாட்டாரு போல,” என்றார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். பகல் தூக்கத்தை ரிப்போர்ட்டாக எழுத முடியாது என்று மேடம் முன்பே சொல்லிவிட்டார். “ஆனால் நான் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க அது போதும்,” என்றார். ஜுலைகா அக்கா பெல்ட் கட்டினார். இந்தத் தடவை கட்டி முடிந்ததும் உள்ளே போய் என் கண்ணால் பார்த்தேன். அம்பு கழுத்தை நோக்கி நின்றது. பொன்னுத்தாய் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கையை ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். முதுகு தரையில் பட்டதும் பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜுலைகா அக்கா உள்ளே அவர் தலைமாட்டில். கல்லியில் பர்ஸ் பட்டறையின் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கைவண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். இந்தச் சத்தத்தில் எப்படித் தூக்கம் வரும் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. குறட்டை கதவைத் தாண்டி வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் தலையை நீட்டிப் பார்த்தாள்.

பிறகு குறட்டை நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து விநாடி. இருபது. முப்பது.

“ஏப்பா,” ஜுலைகா அக்கா உள்ளிருந்து கூப்பிட்டார். “மூச்சு வரலப்பா. நெஞ்சு மட்டும் ஏறி எறங்குது. எழுப்பட்டா?”

“எழுப்பாதீங்கக்கா.”

“ஒதடு கறுக்குதுப்பா!”

நாற்பது. எத்தனையோ பேரின் இந்தக் கோட்டை மேடத்துக்கு நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு தகரக் கதவு மட்டும் இருப்பது அதுதான் முதல் தடவை. நானும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இதற்கு மேல் பொறுப்பதில்லை, எழுப்பிவிடுவோம் என்று வாயைத் திறக்கும்போது, உள்ளே தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குவது போல ஒரு பெரிய இழுப்பு. மூச்சு வந்தது. மறுபடி குறட்டை. ஒரு நிமிஷத்தில் மறுபடி நின்றது.

அப்படியே போனது. எத்தனை தடவை என்று ஒரு கட்டத்துக்கு மேல் நான் எண்ணவில்லை. ஜுலைகா அக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார். நானும் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். ஒன்றரை மணி நேரத்தில் “போதும்” என்று சொல்லி எழுப்பச் சொன்னேன். இரண்டு மணி நேரம் என்று பேசியிருந்தோம், எனக்குத்தான் தாங்கவில்லை.

பொன்னுத்தாய் எழுந்து வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான தூங்கினேன்?” என்றார். ஜுலைகா அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அதைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. நான் ஒரு வார்த்தையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேடம் எண்ணைக் கையால் மறைத்தார். “படோ, தேவா.” வாசித்தேன். முதல் பத்து நிமிஷத்தை வாசிக்கும்போதே போதும் என்று கையைக் காட்டினார். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினார். என்னையும் அழைத்துக்கொண்டு அறுவைப் பிரிவுக்கு நடந்தார். எங்கள் தவறு என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். “என் ஆள்” என்று என்னைக் காட்டவில்லை, “நாங்கள்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு இன்னும் பத்து வருஷம் வேலை செய்திருப்பேன்.

தேதி தள்ளிப்போனது. ஸ்தாபனத்தின் அலுவலகத்துக்கு நான் நாலு தடவை நடந்தேன். நாலாவது தடவை அங்கிருந்த குமாஸ்தா, “நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?” என்று கேட்டார். “தப்பு பண்ணினவன்” என்றேன். அவர் ஃபைலைத் தேடி எடுத்தார். அனுமதி ரத்தாகவில்லை. முறையான இரவுப் பரிசோதனையும் ஆனது. முகமூடி மெஷினும் ஸ்தாபனத்தின் வழியாகவே கிடைத்தது.

மெஷினை மாட்டிக் காட்டப் போன மாலையில் சுடலைமுத்து வீட்டில் இருந்தார். அதிகம் பேசாதவர். முகமூடியைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இத மாட்டிக்கிட்டா அவ படுக்கணுமோ?”

“ஆமாங்க. படுத்துத்தான் தூங்கணும்.”

அவர் குனிந்து தரையைச் சாணால் அளந்தார். தையல் மெஷினிலிருந்து வாசல்வரை ஒரு தடவை. பீரோவிலிருந்து அடுப்பு மேடைவரை இன்னொரு தடவை. நாலு பேர் படுக்க இடம் இல்லை. பதினோரு வருஷமாக அந்தக் கணக்கு மூன்று பேருக்கே போடப்பட்டிருந்தது. குறட்டைக்காக மட்டும் பொன்னுத்தாய் உட்காரவில்லை என்பது அந்த நிமிஷம்தான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். சுடலைமுத்து ஏணியில் ஏறி, மாளாவில் இருந்த பழைய பாத்திர மூட்டையையும் துணிக்கட்டையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். பிறகு காலை மடக்கி அங்கே படுத்துப் பார்த்தார்.

“எனக்குப் போதும்,” என்று மேலிருந்தே சொன்னார்.

மூன்று நாள் கழித்து, இரவு மூச்சைப் பதிவு செய்திருக்கும் மெஷினின் கார்டை எடுக்கப் போனேன். “படுத்துக் காட்டுங்கம்மா” என்றேன். பொன்னுத்தாய் முகமூடியை மாட்டி, பாயில் நீட்டிப் படுத்தார். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது. முகமூடியைக் கழற்றிவிட்டு, “முதுகு வலிக்கி அண்ணே,” என்றார். “படுத்துப் பழக்கமில்லல்லா.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சில வாரம் கழித்து அறுவை நடந்தது. முகமூடியோடு வார்டுக்கு வந்தார், முகமூடியோடு வீட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் கை கொடுக்க ஆளில்லாமல் தையல் மெஷினிலிருந்து எழுந்து காட்டினார். பதினான்காவது கேள்வியை நான் அந்தப் புதன்கிழமை மாலையே ஃபாரத்தில் எழுதிவிட்டேன்.

இதையெல்லாம் எழுதி ஸ்நேகாவுக்கு அனுப்பினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “மெஷினைக் கூரியரில் அனுப்பு, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பத்து பேரிடம் மட்டும் வீடியோ காலில் கேட்டுப் பார். பத்து பேரும் ஒழுங்காகப் படுத்துக் காட்டினால் கேள்வியை எடுத்துவிடு.”

ஒரு வாரம் சத்தமே இல்லை. எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நேற்று போன் வந்தது.

“சார், ஆறு பேர் கிட்ட கேட்டேன். ஆறு பேரும் நல்லா கட்டில்ல படுத்துக் காட்டினாங்க. ஏழாவது ஆள் குர்லா. ஆட்டோ ஓட்டுறவர், அடுத்த மாசம் சர்ஜரி. எங்க தூங்குவீங்க, காட்டுங்கன்னு சொன்னேன்.”

“ம்.”

“போனைக் கையில பிடிச்சுக்கிட்டே எந்திரிச்சார் சார். ரூமை விட்டு வெளிய வந்தார். படி இறங்கினார், ரெண்டு மாடி. ரோட்டைக் கிராஸ் பண்ணினார். அவர் ஆட்டோ பின் சீட்டுல ஏறி உக்காந்து, காலைத் தூக்கி முன் சீட்டுல வெச்சுக்கிட்டு, ‘இங்கதான் மேடம்’னார். ஆறு வருஷமா அங்கதானாம். வீட்ல யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு.”

“ரிப்போர்ட்?” என்றேன்.

“ரிப்போர்ட் நார்மல்னு வந்திருக்கு சார். இன்னும் அனுப்பல. பதினாலு இருக்கட்டும்.”

“சரி. அவர எங்க படுக்க வைக்கப் போற?”

“அதைக் கேக்கத்தான் சார் கூப்பிட்டேன்.”

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் இப்போது இருக்கும் செம்பூரிலிருந்து குர்லா ஒன்றும் தூரமில்லை.